சிறுநீரகக் கல்லை உடலுக்கு வெளியிலிருந்து அனுப்பும் அதிர்வலையால் உடைக்கும்போது, பயந்தால் வலி கூடுமா?

கூடும். அதற்காக, வலியே மனப்பிரமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதிர்வலை கடந்து போகும்போது தோல், தசை, விலா எலும்பு, சிறுநீரகத்தின் மேலுறை ஆகியவற்றில் உள்ள நரம்புகள் உண்மையாகவே தூண்டப்படுகின்றன. அந்தச் செய்தியைப் பெரிதாக்குவதும் அடக்குவதும் மூளை. பதற்றத்தில் இருக்கும் மூளை பெரும்பாலும் பெரிதாக்கும்.

1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இந்தச் சிகிச்சை தொடங்கிய காலத்தில் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். இன்று பலருக்கு வலிநிவாரணியோ லேசான மயக்கமோ மட்டும்தான். விழித்தபடி படுத்திருப்பவர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை 'டக், டக்' என்ற ஓசையைக் கேட்கிறார்; அடுத்த அடி எப்படி இருக்குமோ என்று உடம்பை இறுக்கிக்கொள்கிறார்.

பலர் கவனிக்காத விஷயம் இதுதான்: பயந்தவர் வேகமாக மூச்சு விடுவார், நெளிவார். மூச்சோடு சிறுநீரகமும் மேலும் கீழும் நகரும். அதிர்வலை குறிவைத்த இடத்திலிருந்து கல் விலகினால் அந்த அடி வீண். வலி தாங்காமல் அதிர்வலையின் சக்தியைக் குறைக்க நேர்ந்தால் கல் சரியாக உடையாமலும் போகலாம்.

சிகிச்சையின்போது பிடித்த இசையைக் கேட்டவர்களுக்குப் பதற்றமும் வலியும் குறைந்ததாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஹெட்போன் அனுமதி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். அதற்காக வலிநிவாரணியை மறுக்க வேண்டாம். இசை அதற்குத் துணை, மாற்று அல்ல. ஏற்கெனவே மனச்சோர்வோ பதற்ற நோயோ இருந்தால், மேசையில் படுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவை அவர் அதற்கேற்பத் திட்டமிட முடியும்.