கசியாத குடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலக் குயவர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாடாவும் 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கிய மட்கலக் கூடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் தாத்தா விழுப்புரம் பக்கத்தில் ஐம்பது ஆண்டுகள் பானை வனைந்தவர். அவரை யாரும் கலைஞர் என்று சொன்னதில்லை. ஸ்டுடியோவில் வனைபவர் கலத்தின் அடியில் முத்திரை வைத்ததும் கலைஞராகிவிடுகிறார். வேறுபாடு அந்த முத்திரை மட்டும்தானா?

ம.

அன்புள்ள ம.,

முத்திரை மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஹமாடா ஜப்பானின் மஷிகோவில் குடியேறிய பிறகு தன் கலங்களில் பெயர் பொறிப்பதையே விட்டுவிட்டார். ஆனால் கலத்தை வைத்துக் கொடுக்கும் மரப்பெட்டியில் அவர் கையெழுத்து இருக்கும். 1955இல் ஜப்பான் அரசு அவரை நாட்டின் வாழும் செல்வங்களில் ஒருவராக அறிவித்தது. பெயரை வேண்டாம் என்று சொல்லும் வசதி அவருக்கு இருந்தது. உங்கள் தாத்தாவிடம் யாரும் அதைக் கேட்கவே இல்லை.

உங்கள் கேள்வியை யோசிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருபவர் நைஜீரியாவின் லாடி குவாலி. அவர் பிறந்த குவாலி கிராமத்தில் மண்வேலை பெண்களுடையது, அதற்குச் சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறாகத் திரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். குடம் அசையாமல் நிற்க, வனைபவர் இடுப்பை வளைத்துக் குனிந்தபடி அதைச் சுற்றிச் சுற்றி நடப்பார். வடிவம் வந்ததும் ஈரச் சுவரில் பல்லி, தேள், முதலை என்று கீறுவார். அவையெல்லாம் தண்ணீர்க் குடங்கள். லீச்சின் தொடக்ககால மாணவரான மைக்கேல் கார்டியூ அவற்றை அபுஜா அமீரின் அரண்மனையில் பார்த்து வியந்தார். அவர் நடத்திவந்த பயிற்சி மையத்தில் 1954இல் லாடி குவாலி சேர்ந்தார். அங்கே சேர்ந்த முதல் பெண் அவரே.

அங்கும் அவர் அதே முறையில் குடம் செய்தார். மாறியது சூளை. கிராமத்தில் திறந்தவெளியில் சுட்ட குடத்துக்கு இங்கே கிளேஸ் என்னும் மெருகுப் பூச்சு பூசி, 1250 பாகை செல்சியஸுக்கு மேல் சுட்டார்கள். இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். குறைந்த சூட்டில் வெந்த பானையின் சுவரில் நுண்ணிய துளைகள் மூடாமல் இருக்கும். நீர் அவற்றின் வழியே வெளியே கசிந்து, ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. உங்கள் தாத்தா அந்த அளவோடு சூட்டை நிறுத்தியது தெரிந்து செய்த வேலை. அதைக் குறையாகப் பேசுகிறவர்கள்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஸ்டோன்வேர் எனப்படும் கல்போன்ற கலங்களைச் சுடும் அந்த உயர்ந்த சூட்டில் மண் இறுகித் துளைகள் மூடிக்கொள்கின்றன, அதன்மேல் கிளேஸ் கண்ணாடியாய் உருகிப் படிகிறது. உங்கள் ஊருக்கு அருகே புதுச்சேரியில் டெபரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் கலங்களும் இந்த வகைதான். தட்டுக்கும் கோப்பைக்கும் இது மிகப் பொருத்தம். தண்ணீர்க் குடமோ, இப்படிச் சுட்டால் நீரைக் குளிர்விக்காது. லண்டனில் கண்காட்சிக்கு வைக்கப்பட்ட லாடி குவாலியின் குடங்கள் அத்தகையவை.

இதை இழப்பு என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். லாடி குவாலி தன் கையால் உலகம் சுற்றினார். 1984இல் மறைந்த அவருடைய உருவம் இன்று நைஜீரியாவின் 20 நைரா தாளில் இருக்கிறது. ஆனால் அதே ஊரில் அதே பல்லியைக் கீறிய மற்றப் பெண்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. அவர்களின் கைத்திறன் குறைந்ததென்று நான் நம்பவில்லை. அவர்களிடம் குடம் வாங்கியவர்கள் அதில் தண்ணீர் மொள்ள வாங்கினார்கள். பார்த்து ரசிக்க வாங்குகிறவர்தான் செய்தவர் யார் என்று விசாரிக்கிறார். உங்கள் தாத்தாவிடம் வந்தவர்கள் பானையை விரல் மடக்கித் தட்டி, ஓசையைக் கேட்டுவிட்டுத்தான் காசு கொடுத்திருப்பார்கள். அதைவிடக் கறாரான மதிப்பீட்டை நான் எந்தக் காட்சிக்கூடத்திலும் கண்டதில்லை.

அவர் வனைந்த பானை ஏதேனும் வீட்டில் மிஞ்சியிருந்தால், கையை உள்ளே விட்டு அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வெளியே பலகையால் தட்டும்போது உள்ளே கல்லைத் தாங்கிப் பிடித்திருந்த கையின் அழுத்தம், சிறு சிறு குழிகளாக வரிசையாய் விரலுக்குத் தட்டுப்படும்.