ஈசிஜி அலைக்குப் பதில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மட்டும் வருகிறதா?

மூன்றாம் ஆண்டு பயோமெடிக்கல் மினி ப்ராஜெக்டில் ஈசிஜி சர்க்யூட் போட்டும் திரையில் கரண்ட் லைனிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான் தெரிகிறது, ஆம்ப்ளிஃபையர் ஐசியை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள், பெரும்பாலும் குற்றவாளி அது இல்லை.

முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உடம்பில் எலக்ட்ரோடு ஒட்டியிருக்கும்போது பாதுகாப்புக்கும் அதுதான் சரி.

அப்புறம் எலக்ட்ரோடு. இதயத்தின் சிக்னல் தோலில் சுமார் 1 மில்லிவோல்ட்தான். ஜெல் காய்ந்த எலக்ட்ரோடை மறுபடி ஒட்டினால் ஒரு பக்கத் தொடர்பு மட்டும் மோசமாகும். இரண்டு பக்கமும் சமமாக வந்து கழிந்துபோக வேண்டிய இரைச்சல் கழியாமல் நின்றுவிடும். காசு மிச்சம் பிடிக்கப் போய் நானும் இதில் இரண்டு வாரம் தொலைத்தேன். தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, புதிதாக ஒட்டுங்கள். ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். வலது கால் எலக்ட்ரோடை கிரவுண்டில் நேராகச் சேர்க்காமல் வலது கால் டிரைவ் சர்க்யூட் (உடம்பில் ஏறும் இரைச்சலைத் தலைகீழாக்கி உடம்புக்கே திருப்பி அனுப்பி அடக்கும் சர்க்யூட்) வழியாகக் கொடுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டியெடுக்கும் நாட்ச் ஃபில்டர். சர்க்யூட் எந்த அலைவரிசையை உள்ளே விட வேண்டும் என்றால், துடிப்பை எண்ண மட்டும்தான் என்றால் 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் போதும். எஸ்டி பகுதியையும் (ஒவ்வொரு துடிப்பிலும் பெரிய கூர்முனைக்கும் அடுத்து வரும் டி அலைக்கும் இடைப்பட்ட பகுதி) பார்க்க வேண்டுமென்றால் கீழ் எல்லையை 0.05 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள்.