ஏர் ஆம்புலன்ஸில் பறக்கும் நர்ஸ்: பயணியா, விமானக் குழுவா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் குமரி மாவட்டம். வயது 27. டெல்லியை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ. நர்ஸாக இருக்கிறேன், சம்பளம் 32,000 ரூபாய். வெளியூரிலிருந்து நோயாளிகளை ஏர் ஆம்புலன்ஸில் கூட்டிவரும் டூட்டியும் இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். மாதம் மூன்று, நான்கு முறை பறக்க வேண்டியிருக்கும். போன வாரம் எச்.ஆர். பிரிவில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். ‘விமானக் குழுவில் ஒருவராக என் சொந்த விருப்பத்தின் பேரில் பறக்கிறேன். என்ன நேர்ந்தாலும் மருத்துவமனையோ விமான நிறுவனமோ பொறுப்பல்ல. என் குடும்பத்தார் இழப்பீடு கேட்க மாட்டார்கள்’ என்று அதில் இருக்கிறது. எனக்கு அப்பா இல்லை. அம்மாவும் கல்லூரியில் படிக்கும் தங்கையும் என் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். ‘நாங்கள் எல்லாரும் போட்டாச்சு, நீயும் போட்டுவிட்டு வேலையைப் பார்’ என்கிறார்கள் சீனியர்கள். 2011-ல் ஃபரிதாபாதில் விழுந்த விமானத்தைப் பற்றியும் அவர்கள்தான் சொன்னார்கள். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. கையெழுத்துப் போடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இப்போதுள்ள வாசகத்தில் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்ட உங்கள் சீனியர்களும் பயப்பட வேண்டாம். அந்தப் படிவத்தின் பெரும்பகுதி சட்டத்தின் முன் நிற்காது. என்னைக் கவலைப்பட வைப்பது ‘விமானக் குழுவில் ஒருவராக’ என்ற தொடர் மட்டும்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஃபரிதாபாத். 2011 மே 25 இரவு பாட்னாவிலிருந்து டெல்லிக்கு ஒரு நோயாளியை ஏற்றிவந்த பிலாட்டஸ் பி.சி.-12 விமானம் அது. ஒற்றை இயந்திரம் கொண்டது. டெல்லியை நெருங்கும் நேரத்தில், மோசமான வானிலையில், ஃபரிதாபாதின் பர்வதியா காலனியில் வீடுகள் மேல் விழுந்தது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்: விமானிகள் இருவர், மருத்துவர்கள் இருவர், ஒரு நர்ஸ், நோயாளி, அவருடைய உறவினர். கீழே மூன்று பெண்கள் இறந்தார்கள். வானிலை, கட்டுப்பாடுகளைக் கையாண்டதில் தவறு, விமானிக்குத் திசையுணர்வு தவறியது, இவற்றில் ஒன்றோ எல்லாம் சேர்ந்தோ காரணமாக இருக்கலாம் என்றுதான் விசாரணை அறிக்கை சொன்னது. ஒற்றைக் காரணத்தை அது சுட்டவில்லை.

எல்லா விபத்தும் அப்படி முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016 மே மாதம், அதே பாட்னா–டெல்லி தடத்தில் வந்த ஒரு ஏர் ஆம்புலன்ஸ், இயந்திரங்கள் செயலிழந்து டெல்லி நஜஃப்கர் பக்கம் வயலில் இறங்கியது. அதிலும் ஏழு பேர், எல்லாரும் பிழைத்தார்கள். 2021 மே 6 அன்று நாக்பூரில் மேலெழும்போதே ஒரு விமானத்தின் சக்கரம் கழன்று விழுந்தது. மும்பை ஓடுபாதையில் நுரை பரப்பி, வயிறு தரையில் உரச இறக்கினார்கள். ஐந்து பேருக்கும் ஆபத்தில்லை. உங்கள் பயத்தைக் கூட்ட இதைச் சொல்லவில்லை. பயப்படும் உரிமை உங்களுக்கு உண்டு, அந்தப் பயத்தை ஒரு தாளில் கையெழுத்தாக்கி வாங்கிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இல்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இந்தியாவுக்குள் கட்டணத்துக்குப் பறக்கும் விமானத்தில் ஒரு பயணி இறந்தாலோ காயப்பட்டாலோ 1972-ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டம்தான் பேசும். நீதிமன்றத்தில் ‘கேரேஜ் பை ஏர் ஆக்ட்’ என்போம். பன்னாட்டு விமானப் பயணத்தில் நேரும் இழப்புகளுக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை அதன் மூன்றாவது அட்டவணை. அதே விதிகளைச் சில மாற்றங்களோடு உள்நாட்டுப் பயணத்துக்கும் பொருத்தி 2014 ஜனவரியில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அதற்கு முன் ஏழரை லட்சமாக இருந்த இழப்பீட்டுத் தொகை 20 லட்சமானது.

இந்த 20 லட்சத்தைப் பலர் உச்சவரம்பு என்றே நினைக்கிறார்கள். அப்படியல்ல. அந்தத் தொகை வரையிலான இழப்புக்கு ‘எங்கள் மேல் தவறில்லை’ என்று சொல்லி விமான நிறுவனம் தப்ப முடியாது. அதற்கு மேல் கேட்கும்போது, தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் தலையில் விழுகிறது. ஆனால் இழப்பு எவ்வளவு என்று குடும்பம் காட்டியாக வேண்டும், கேட்டதும் எடுத்துத் தருகிற தொகை அல்ல. 2010 மங்களூரு விபத்தில் இதே கேள்வி எழுந்தபோது கேரள உயர் நீதிமன்ற அமர்வு அப்படித்தான் சொன்னது. அதே விபத்தில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு, சம்பளத்தையும் வயதையும் கணக்கிட்டு, 2020-ல் உச்ச நீதிமன்றம் 7.64 கோடி ரூபாய் வழங்கியது. ஆகவே உங்கள் சம்பளச் சீட்டுகளும், அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கும் வெறும் காகிதங்கள் அல்ல. ஊரில் ஒரு பிரதி இருக்கட்டும்.

இனிப் படிவம். பொறுப்பிலிருந்து விமான நிறுவனத்தை விடுவிக்கும் அல்லது சட்டம் சொல்வதைவிடக் குறைத்துக்கொள்ளும் எந்த நிபந்தனையும் செல்லாது என்று அந்த மூன்றாவது அட்டவணையின் 26-வது விதி நேரடியாகவே சொல்கிறது. மருத்துவமனையைப் பொறுத்தும் அப்படித்தான். வேலையின்போது ஏற்படும் காயத்துக்கான இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது என்று 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-வது பிரிவு சொன்னது. அந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது, அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு அதிலும் தொடர்கிறது. மேலும், உங்கள் அம்மாவின் உரிமை உங்கள் அம்மாவுடையது. அதை நீங்கள் எழுதிக்கொடுக்க முடியாது.

அப்படியானால் போட்டால்தான் என்ன என்று கேட்பீர்கள். இங்கேதான் ‘விமானக் குழுவில் ஒருவராக’ என்ற தொடர் வருகிறது. 1972 சட்டம் பயணியைக் காக்கிறது, விமானியை அல்ல. நாளை வழக்கு என்று வந்தால், ‘இவர் பயணியே இல்லை, விமானத்தில் வேலை செய்தவர், தானே எழுதிக் கொடுத்திருக்கிறார்’ என்று எதிர்த்தரப்பு அந்தத் தாளை நீட்டும். நமக்குப் பதில் இருக்கிறது. விமானத்தை இயக்கும் நிறுவனம் யாரை விமானத்தில் பணிக்கு அமர்த்துகிறதோ அவர்தான் குழு உறுப்பினர் என்பது விமானத் துறையின் வரையறை. உங்களை அனுப்புவது மருத்துவமனை, நீங்கள் பார்ப்பது நோயாளியை. வெல்லக்கூடிய வாதம்தான். ஆனால், துக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பம் அந்த வாதத்தை வருடக்கணக்கில் நடத்த வேண்டிய நிலையை நாமே ஏன் உண்டாக்க வேண்டும்?

இதே சொல் இன்னொரு இடத்திலும் காலை வாரும். உங்களிடம் எல்.ஐ.சி. பாலிசியோ தனிநபர் விபத்து பாலிசியோ இருந்தால் இன்றிரவே எடுத்து, விபத்துப் பலனுக்கான விலக்குகளைப் படியுங்கள். பயணியாகப் பறந்தால் பணம் உண்டு, வேறு எந்த வகையிலாவது விமானப் பறப்பில் ஈடுபட்டிருந்தால் கிடையாது என்பதுபோல ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். சில பாலிசிகள் ஒரு படி மேலே போய், ‘விமானத்தில் எந்தக் கடமையும் இல்லாத பயணி’ என்று சொல்லும். வென்டிலேட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்குக் கடமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிரீமியம் தவறாமல் கட்டியும், இந்த ஒரு வரியால் அம்மாவின் கைக்குப் பணம் வராமல் போகலாம். ஏர் ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியையும் சேர்த்து, மருத்துவமனை தன் செலவில் குழு விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது.

மருத்துவமனை தர வேண்டியதைப் பார்ப்போம். உங்கள் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டுவதால் ஈ.எஸ்.ஐ. வராது. வேலையில் நேர்ந்த மரணத்துக்கான இழப்பீடுதான் வழி. சம்பளம் எவ்வளவானாலும் 15,000 ரூபாயாக மட்டுமே கணக்கில் எடுக்கலாம் என்று 2020 ஜனவரியில் வைத்த வரம்பின்படி பார்த்தால், மரணத்துக்குச் சட்டம் கணக்கிடும் பாதிச் சம்பளம் 7,500. 27 வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெருக்கல் எண் 213.57. பெருக்கினால் சுமார் 16 லட்சம். இழப்பீடு பெறக்கூடிய வேலைகளைப் பட்டியலிடும் சட்ட அட்டவணையில் நர்ஸ் வேலை வராது என்று மருத்துவமனை வாதாட இடமிருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். காப்பீட்டை எழுத்தில் கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இது இன்னொரு காரணம். மருத்துவமனையிடம் கேட்பது தனி, விமான நிறுவனத்திடம் கேட்பது தனி. ஒன்று மற்றதைத் தடுக்காது.

தங்கையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1972 சட்டத்தின் 5-வது பிரிவில் குடும்பம் என்ற சொல்லுக்குள் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் வருகிறார்கள். உங்கள் தங்கைக்கு அதில் இடம் உண்டு. 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை மட்டும்தான், தங்கை இல்லை. நீங்கள் பயணியா இல்லையா என்ற கேள்வி அவளுடைய பங்கையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. (ஃபரிதாபாதில் வீட்டுக்குள் இருந்து இறந்த அந்தப் பெண்களைப் போன்றவர்கள் பயணிகள் அல்லர் என்பதால், அவர்களின் குடும்பங்களுக்கு அந்த 1855 சட்டமும் பிறருக்கு விளைவித்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் பொதுவான தீங்கியல் சட்டமும்தான் துணை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களுக்கென்று தனிச் சட்டம் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.)

வழக்குத் தொடரக் காலக்கெடு இரண்டு வருடம், 1972, 1855 என்ற இரண்டு சட்டங்களிலும். விமானம் வந்துசேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஒன்று, இறந்த நாளிலிருந்து மற்றது. விசாரணை அறிக்கை வரட்டும் என்று காத்திருந்து உரிமையை இழந்துவிடக் கூடாது. விபத்துப் புலனாய்வு நடப்பதே இனி அப்படி நேராமல் தடுக்கத்தான், குற்றத்தையோ பொறுப்பையோ யார் தலையிலும் சுமத்த அல்ல என்று அதன் விதிகளே சொல்கின்றன. இழப்பீட்டு வழக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நாளைக்கு எச்.ஆர். பிரிவுக்கு மின்னஞ்சலாக எழுதுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். சண்டைத் தொனியும் வேண்டாம். ‘பாதுகாப்பு விளக்கம் பெற்றேன், மருத்துவப் பணிக்காக மருத்துவமனை அனுப்பப் பயணியாகச் செல்கிறேன் என்ற வாசகத்தில் கையெழுத்திடத் தயார்’ என்று சொல்லுங்கள். குழு விபத்துக் காப்பீட்டின் நகலையும், விமானப் பயணிகள் பட்டியலில் மருத்துவக் குழுவின் பெயர்கள் பயணிகளாக எழுதப்படுகின்றனவா என்ற தகவலையும் அதிலேயே கேளுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்ட சீனியர்களும் சேர்ந்து ஒரே கடிதமாக அனுப்பினால் இன்னும் நல்லது, தனியாக ஒருவரைக் குறிவைப்பது கடினமாகும். ஒவ்வொரு பறப்புக்கும் முன், விமானத்தின் ‘வி.டி.’ என்று தொடங்கும் பதிவெண்ணையும் அதை இயக்கும் நிறுவனத்தின் பெயரையும் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இடைத்தரகர், மருத்துவமனை, விமான நிறுவனம் என்று மூன்று பெயர்கள் புழங்கும் தொழில் இது. உண்மையில் பறக்கவைத்தது யார் என்று கண்டுபிடிப்பதிலேயே குடும்பங்களுக்கு மாதங்கள் போய்விடுகின்றன.

அவர்கள் மறுத்தால், அல்லது கையெழுத்திடாததற்காக டூட்டியை மாற்றினாலோ சம்பளத்தில் கைவைத்தாலோ, அந்த மின்னஞ்சலையும் பதிலையும் உங்கள் பாலிசி நகலோடு எனக்கு அனுப்புங்கள். பெயர் வெளியே வராது.