பாட்டு திக்குகிறதா? லேப்டாப்பை மாற்றும் முன்…

கேள்வி: 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப்பில், எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை சாஃப்ட்வேரில் முளைப்பாரிப் பாட்டுகளுக்கு இசை சேர்க்கிறேன். நாதஸ்வரம், தவில், உறுமி, ஸ்டிரிங்ஸ் எல்லாவற்றையும் கான்டாக்டில் (பதிவு செய்த வாத்திய ஒலிகளை, அதாவது சாம்பிள்களை, வாசிக்கும் சாஃப்ட்வேர்) ஏற்றியதும் திக்கித் திக்கி ஓடுகிறது. வேறு லேப்டாப் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். மெமரியைக் காலி செய்யும் சாஃப்ட்வேர் போட்டால் போதாதா?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: அந்த சாஃப்ட்வேரைத் தொடாதீர்கள். ரேமில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, காலியாகிவிட்டதாகக் கணக்குக் காட்டும். பாட்டு ஓடும்போது அதையே திரும்ப எடுக்க வேண்டும், திக்கல் கூடும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். திக்கும் இடத்தை ஓட்டிப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் எகிறினால் ரேம் போதவில்லை. மெமரி 60-லேயே நின்று ஒலி மட்டும் படபடத்தால் பிராசஸருக்குத்தான் சுமை. ஆடியோ செட்டிங்ஸில் பஃபரை (ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் அளவு) 512 ஆக்குங்கள். அதற்கு ரேம் வாங்குவது வீண் செலவு.

ரேம்தான் குறை என்றால், முதலில் குரோமை மூடுங்கள். பிறகு கான்டாக்டில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பர்ஜ் (தேவையில்லாத சாம்பிள்களை ரேமிலிருந்து வெளியேற்றும்) மெனுவில் 'ரீசெட் மார்க்கர்ஸ்' கொடுத்து, பாட்டை முழுதாக ஒருமுறை ஓட்டி, 'அப்டேட் சாம்பிள் பூல்' அழுத்துங்கள். நாதஸ்வரம் வாசித்த ஸ்வரங்கள் மட்டும் ரேமில் நிற்கும், மற்றவை வெளியேறும். பின்னால் மெட்டை மாற்றினால் புது ஸ்வரம் ஊமையாக இருக்கலாம். பயப்பட வேண்டாம், 'ரீலோட் ஆல் சாம்பிள்ஸ்' கொடுத்தால் வந்துவிடும்.

வேலை முடிந்த டிராக்கை வேவ் கோப்பாக எழுதிவிடுங்கள். 24 பிட் ஸ்டீரியோ நிமிடத்துக்குச் சுமார் 16 எம்பிதான். பிராஜெக்டை வேறு பெயரில் சேமித்து, அதில் இந்த வேவ் கோப்பைச் சேர்த்து, அந்தக் கருவியை நீக்கிவிடுங்கள். ம்யூட் செய்தால் மட்டும் போதாது, சாம்பிள்கள் ரேமிலேயே உட்கார்ந்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் இடிக்கிறது என்றால் ரேம் வாங்கலாம். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்தினால் வேகமும், எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டில் ஒன்று காலியா? இன்னொரு 8 ஜிபி போதும். ரேமின் தலைமுறையையும் பாருங்கள்: டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 பொருந்தவே பொருந்தாது. சில மெல்லிய மாடல்களில் ரேம் போர்டோடு பற்றவைத்திருக்கும். மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டே மதுரைக்கு பஸ் ஏறுங்கள். டவுன்ஹால் ரோட்டில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், ரேமின் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கடையிலேயே ஆன் செய்து 16 ஜிபி காட்டுகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.