நீளமான ஆங்கிலச் சொல்லை வாலிலிருந்து பிரியுங்கள்

ஆங்கிலத்தில் விசித்திரமான நீளச் சொற்கள் எவை, அவற்றுக்கு என்ன பொருள் என்பது கேள்வி. பட்டியலை மனப்பாடம் செய்வதில் பயனில்லை, இரண்டு நாளில் மறந்துவிடும். பெரும்பாலானவை கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. கடைசித் துண்டை முதலில் பாருங்கள். நோயா, அறுவை சிகிச்சையா, பயமா, கொள்கையா என்பதை அதுவே சொல்லிவிடும். பிறகு ஒவ்வொரு துண்டாக முன்னோக்கி வாருங்கள்.

எல்லோரும் முதலில் சொல்வது 45 எழுத்துள்ள நியூமோனோ-அல்ட்ரா-மைக்ராஸ்கோபிக்-சிலிக்கோ-வால்கேனோ-கோனியோசிஸ். வால் 'ஓசிஸ்', அதாவது நோய்நிலை. அதற்கு முன் 'கோனி', தூசு. முன்னால் உள்ள 'நியூமோனோ' நுரையீரல். இடையில் நிற்பவை எரிமலை, சிலிக்கா, மிகமிக நுண்ணிய என்பவை. எரிமலையின் நுண்ணிய சிலிக்கா தூசை மூச்சில் இழுப்பதால் வரும் நுரையீரல் நோய் என்று சொல் தானாகவே விரிந்துவிடும். ஆனால் எந்த மருத்துவரும் சீட்டில் இப்படி எழுத மாட்டார். அமெரிக்காவின் தேசியப் புதிர்ச் சங்கத் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே 1935-ல் கட்டிய சொல் இது. பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. நிஜ நோயின் பெயர் சிலிக்கோசிஸ். அது பெரும்பாலும் எரிமலையால் வருவதல்ல. கல்குவாரி, கல் அறுக்கும் பட்டறை, சுரங்கம் ஆகிய இடங்களின் தூசால் வருவது. அந்த 45 எழுத்துச் சொல்லின் முதல் எழுத்தான 'பி' (p) ஒலிக்காது, நிமோனியாவில் போலவே.

மருத்துவர்களே உருவாக்கிய நீளச் சொல் வேண்டுமென்றால் சூடோ-சூடோ-ஹைப்போ-பாராதைராய்டிசம், 30 எழுத்து. 'சூடோ' இரண்டு முறை வருவது அச்சுப்பிழை இல்லை. தைராய்டை ஒட்டிப் பின்புறம் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் குறைவாகச் சுரந்தால் 'ஹைப்போ'. ரத்தத்தில் கால்சியம் இறங்கும். சுரப்பி ஹார்மோனைச் சுரந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்காமல் கால்சியம் இறங்கினால் 'சூடோ', போலி. அந்தப் போலி நோயில் காணும் குட்டை உருவம், வட்ட முகம், குறுகிய விரல் எலும்பு எல்லாம் இருந்தும் கால்சியம் சரியாக இருந்தால் 'சூடோ-சூடோ', போலியின் போலி. ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு போலியை 1942-லும், போலியின் போலியை 1952-லும் விவரித்தது. ஒரு 'சூடோ'வை விட்டுவிட்டால் அது வேறு நோயறிதல் ஆகிவிடும்.

28 எழுத்துள்ள ஆன்டி-டிஸ்-எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசத்தில் பலர் குழம்புவது எதிர்மறை இரண்டு முறை வருவதால். 'எஸ்டாப்ளிஷ்மென்ட்' என்பது இங்கே திருச்சபையை அரசின் திருச்சபையாக நிறுவுவது. 'டிஸ்' அதைப் பறிப்பது. 'ஆன்டி' பறிப்பதை எதிர்ப்பது. சுற்றி வந்து பார்த்தால் இவர்கள் அரசுத் திருச்சபையின் ஆதரவாளர்கள்! 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனின் நிஜ அரசியல் சண்டை இது. அயர்லாந்தில் 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆங்கிலிகன் திருச்சபையின் அரசுத் தகுதி போனது. இங்கிலாந்தில் இன்னமும் போகவில்லை. நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் அந்தத் திருச்சபையின் 26 பிஷப்புகளுக்கு இடம் உண்டு.

ஃப்ளாக்ஸி-நாஸி-நைஹிலி-பிலி-ஃபிகேஷன், 29 எழுத்து. 2018-ல் சசி தரூர் ட்வீட் செய்ததும் இந்தியாவே அகராதியைப் புரட்டியது. ஒன்றைத் துச்சமாக மதிப்பிடுவது என்று பொருள். பஞ்சுப் பிசிறு, அற்பம், ஒன்றுமில்லை, மயிரிழை என நான்கு லத்தீன் சொற்களை வரிசையாகக் கோத்து, வாலில் 'ஃபிகேஷன்' ஒட்டியிருக்கிறார்கள். பள்ளி லத்தீன் இலக்கணத்தை வைத்துச் செய்த குறும்பு. உச்சரிக்கும்போது அழுத்தம் 'கே' மீது விழ வேண்டும்.

36 எழுத்தில் நீளச் சொற்களைக் கண்டால் வரும் பயத்துக்கு ஹிப்போபோடோ-மான்ஸ்ட்ரோ-செஸ்குவிப்பெடாலியோ-ஃபோபியா என்று பெயர். 'செஸ்குவி' ஒன்றரை, 'பெட்' அடி. ஒன்றரை அடி நீளச் சொல் என்பது ரோமக் கவிஞர் ஹோரஸின் பழைய கிண்டல். முன்னால் வரும் நீர்யானையும் பூதமும் பயமுறுத்தச் சேர்த்தவை. எழுத்துக் கூட்டும்போது கவனம் தேவை. நீளமான சொல்லைக் குறிக்கும் வழக்கமான 'செஸ்குவிபெடாலியனில்' அந்த இடத்தில் ஒரே 'பி' தான், இதில் இரண்டு.

டைட்டின் என்ற தசைப் புரதத்தின் முழு வேதிப்பெயருக்கு 1,89,819 எழுத்துகள் என்பார்கள். அதை அகராதிகள் சொல்லாகவே எடுத்துக்கொள்வதில்லை. அது அமினோ அமிலங்களின் வரிசைப் பட்டியல், அவ்வளவுதான்.

இந்தப் பிரிப்புமுறை உண்மையில் உதவுவது மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிக்கும்போதுதான். 'ஐடிஸ்' அழற்சி, 'ஸ்கோபி' குழாய் விட்டுப் பார்ப்பது, 'எக்டமி' வெட்டி எடுப்பது, 'ஆஸ்டமி' வெளியே திறப்பு வைப்பது. கோலிசிஸ்டெக்டமி என்று இருந்தால் 'கோலி' பித்தம், 'சிஸ்ட்' பை, பித்தப்பையை எடுத்திருக்கிறார்கள். கொலெக்டமி என்றால் பெருங்குடலை, முழுதாகவோ ஒரு பகுதியையோ, எடுத்தது. கொலாஸ்டமி என்றால் குடலின் வாயை வயிற்றுச் சுவரில் திறந்து, கழிவு பையில் சேரும்படி வைத்தது. இரண்டும் ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் நடக்கலாம் என்பதால் படிக்கும்போது ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வது சுலபம். அழுத்தம் விழுவது 'லெக்', 'லாஸ்' ஆகிய அசைகளில்தான். வித்தியாசமும் அங்கேயே இருக்கிறது. போனில் உறவினரிடம் சொல்லும்போது அந்த அசையை விழுங்காமல் சொல்லுங்கள்.