பால்கனியில் விட்டும் ஹாலில் சிறுநீர் போகும் 2 மாத நாய்க்குட்டி

நாய்க்குட்டியைப் பத்து நிமிஷம் பால்கனியில விட்டும், உள்ளே வந்ததும் ஹால் மிதியடியில சிறுநீர் போகுதுன்னு எழுதியிருக்கீங்க. தனியா விட்டா வேடிக்கை பார்த்துட்டுத் திரும்பிடும், அதான் சிக்கலே. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட 10-15 நிமிஷத்திலும், விளையாடி முடிச்சதும் கயிறு கட்டி ஒரே மூலைக்குக் கூட்டிப் போய் அசையாம நில்லுங்க. இந்த வயசுல 2 மணி நேரத்துக்கு மேல அடக்குறது கஷ்டம். போய் முடிச்ச நொடியே அங்கேயே தின்பண்டம். உள்ளே வந்து கொடுத்தா எதுக்குன்னு புரியாது. 5 நிமிஷத்தில போகலையா, மடியில வெச்சிருந்து 10 நிமிஷம் கழிச்சு மறுபடி.

மிதியடியைச் சுருட்டி வைங்க. ஃபினாயில் போட்டா நமக்குத்தான் வாடை போகும், அதன் மூக்குக்கு இல்ல. என்சைம் கிளீனர் (சிறுநீர் வாடையையே சிதைக்கிற திரவம்) ஊற விட்டுத் துடைங்க. மூக்கைத் தேய்க்காதீங்க, சோபா பின்னால ஒளிஞ்சு போகத்தான் பழகும். சொட்டுச் சொட்டா அடிக்கடி போனா கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க.