'சேமிக்க வேண்டாம்' என்று அழுத்திவிட்டீர்களா? அந்தக் கோப்பில் மறுபடி தட்டச்சு செய்யாதீர்கள்

கேள்வி: ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு எங்கள் சமூக மன்றத்தில் நாடகம் போடுகிறோம். வசனத்தை விண்டோஸ் மடிக்கணினியில், வேர்டில் எழுதி வந்தேன். சனிக்கிழமை இரவு மூன்றாம் காட்சி முழுவதையும் அடித்து முடித்தேன். மூடும்போது சேமிக்கவா என்று கேட்டது. தூக்கக் கலக்கத்தில் 'டோன்ட் சேவ்' அழுத்திவிட்டேன். இப்போது திறந்தால் இரண்டாம் காட்சியோடு நிற்கிறது. கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்கு எடுத்துப் போகலாம் என்கிறான் மகன். மீட்க வழி உண்டா? (ஈசூன் வாசகர்)

பதில்: பெரும்பாலும் உண்டு. கடைக்கு இப்போதே கிளம்ப வேண்டாம். அதைவிட முக்கியம், மனசு கேட்காமல் அதே கோப்பைத் திறந்து மூன்றாம் காட்சியை நினைவிலிருந்து எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். நீங்கள் புதிதாக எழுதிச் சேமித்து மூடும்போது, வேர்டு பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பழைய வரைவு அழிந்துவிடக்கூடும். மீட்டிருக்கக்கூடிய எழுத்து இப்படித்தான் பல பேருக்குக் கைநழுவிப் போகிறது.

வேர்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே ஒரு நகல் எடுத்துக்கொண்டிருக்கும். மாற்றாத வரை அதுதான் அமைப்பு. சேமிக்காமல் மூடினாலும் கடைசி நகலை வைத்திருக்கும்படியும் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே நகல் கிடைத்தால் காட்சியின் கடைசிச் சில நிமிட வசனம் மட்டும் இல்லாமல் போகலாம், மீதி இருக்கும்.

கோப்பைத் திறந்து, எதையும் தொடாமல், 'ஃபைல்' போய் 'இன்ஃபோ'வை அழுத்துங்கள். 'மேனேஜ் டாக்குமென்ட்' என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் தேதியும் நேரமும் போட்ட வரி ஒன்று தெரியலாம். அதன் ஓரத்தில், சேமிக்காமல் மூடியபோது எடுத்தது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். சனிக்கிழமை இரவு நேரம் இருந்தால் அதுதான் உங்கள் மூன்றாம் காட்சி. அதை அழுத்தினால் தனிச் சாளரத்தில் திறக்கும்; மேலே ஒரு பட்டையில் 'கம்பேர்', 'ரிஸ்டோர்' என்று இரண்டு பொத்தான்கள் வரும். 'ரிஸ்டோர்' இப்போதுள்ள கோப்பின் மேலேயே எழுதிவிடும். அதனால் முதலில் 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில், வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நிதானமாக இரண்டையும் ஒப்பிடலாம்.

அந்த வரி இல்லையென்றால் 'மேனேஜ் டாக்குமென்ட்' பொத்தானையே அழுத்தி 'ரிகவர் அன்சேவ்ட் டாக்குமென்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறைகூடப் பெயர் வைத்துச் சேமிக்காத ஆவணங்கள் தங்கும் இடம் அது. இங்கே நாள் கணக்கு உண்டு: இந்த வரைவுகளை நான்கு நாள்வரைதான் நம்பலாம். சனிக்கிழமை போனதை அடுத்த சனிக்கிழமை தேடாதீர்கள், இன்றே பாருங்கள்.

கோப்பு, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இருந்திருந்தால் வேலை இன்னும் சுலபம். இணையத்தில் ஒன்டிரைவுக்குள் போய், கோப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து 'வெர்ஷன் ஹிஸ்டரி' பாருங்கள். கோப்பையே நீக்கியிருந்தால் அதன் குப்பைத் தொட்டியில் தனிநபர் கணக்குக்கு 30 நாள், பள்ளி, அலுவலகக் கணக்குகளுக்கு வழக்கமாக 93 நாள்வரை கிடக்கும். கூகள் டாக்ஸிலும் இதேபோல் பழைய பதிப்புகளைத் திருப்பலாம்.

சிம் லிம் பற்றி. கடைக்காரர்கள் மீட்பது பெரும்பாலும் நீக்கப்பட்ட கோப்புகளையும் பழுதான வட்டுகளையும்தான். உங்கள் கோப்பு நீக்கப்படவில்லை, புதிய பகுதி அந்தக் கோப்பில் எழுதப்படவே இல்லை. மேலே சொன்ன இரண்டு இடத்திலும் இல்லாததைக் கடையில் கண்டுபிடிப்பது அரிது. நீக்கப்பட்ட கோப்பின் கதை வேறு. நூலகப் பட்டியலில் பெயரை அடித்த பிறகும் புத்தகம் அலமாரியில் கொஞ்ச நாள் இருப்பது போல, பழைய சுழல் வட்டில் தரவு அப்படியே கிடக்கும், மேலே வேறெதுவும் எழுதப்படாத வரை. இன்றைய மடிக்கணினிகளில் உள்ள, எஸ்எஸ்டி எனும் சுழலாத சேமிப்பகம் அப்படியல்ல. நீக்கிய இடத்தை அதுவே சீக்கிரம் துடைத்துவிடும். தம்ப் டிரைவிலிருந்து நீக்கியது குப்பைத் தொட்டிக்கும் போகாது. அப்படி நேர்ந்தால் அந்த டிரைவை உடனே கழற்றி வையுங்கள், மீட்பு மென்பொருளை அதிலேயே நிறுவாதீர்கள். கடைக்குக் கொடுப்பதானால், பார்ப்பதற்கே கட்டணமா, கிடைக்காவிட்டால் எவ்வளவு வெள்ளி என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கடம், கோப்பு இருக்கும், ஆனால் பழுதாகித் திறக்காது. முதலில் 'ஓப்பன்' சாளரத்தில் கோப்பைத் தேர்ந்து, 'ஓப்பன்' பொத்தானின் ஓர அம்புக்குறியில் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' கொடுத்துப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், நகல் ஒன்று எடுத்து அதன் பெயர் முடிவில் உள்ள டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றுங்கள். 2007 முதல் வேர்டு கோப்பு என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் பொதிதான். திறந்தால் 'வேர்டு' என்ற கோப்புறைக்குள் 'டாக்குமென்ட்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறந்தால் ஆங்கிலக் குறிகளுக்கு நடுவே உங்கள் தமிழ் வரிகள் அப்படியே தெரியும். யூனிகோடு எனும் பொதுக் குறியீட்டு முறையில் அடித்திருந்தால்தான் இப்படி. பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு கிறுக்கலாகத் தெரியும். பழுது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள், அதே எழுத்துருவை இட்டால் படிக்க வரும்.

எல்லாம் தேடியும் கிடைக்கவில்லையா? நடிகர்களுக்கு ஒத்திகைக்காக வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பியிருந்தீர்களா, யாராவது பக்கத்தைப் படமெடுத்தார்களா என்று கேளுங்கள். மின்னஞ்சலில் 'அனுப்பியவை'யையும் பார்த்துவிடுங்கள்.

இனிமேலுக்கு: 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' போய் அந்தப் பத்து நிமிடத்தை ஒன்றாகக் குறையுங்கள். 'அட்வான்ஸ்ட்' பகுதியில் 'ஆல்வேஸ் கிரியேட் பேக்அப் காப்பி'யையும் குறித்துவிடுங்கள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்தைய பதிப்பு அதே கோப்புறையில் தனிக் கோப்பாக நிற்கும்.